ஒரு பிங்க், ஒரு சாதா

தில்லி அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. கண்டக்டர் பிங்க் நிறத்தில் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். என் அம்மா செங்கம்மாள் எந்த பஸ்ஸில் ஏறினாலும் "ஏக் பிங்க், ஏக் சாதா" என்றுதான் கேட்பாள். பிங்க் அவளுக்கு. காசு கொடுத்து வாங்கும் சாதா டிக்கெட் எனக்கு.

நான் பெண்தான் என்று பள்ளிக்கூடத்தின் மேல் கேஸ் போட்டவளும் இதே அம்மாதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வீட்டு வேலைகளுக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். போகிற வழியெல்லாம் என் கையில் ஆம்பிளை டிக்கெட். ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"கோர்ட்டுல ஜட்ஜு ஒருத்தருதான்டி. பஸ்ஸுல அறுபது பேரு" என்றாள்.

இதற்குக் காரணம் உண்டு. பையனாக வளர்க்கப்பட்ட நான் அபிராமி என்று பெயர் வைத்துக்கொண்ட புதிதில் அம்மா ஒருநாள் "தோ பிங்க்" என்று இரண்டு பிங்க் கேட்டாள். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உரக்க ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது. நிஜாமுதீனில் இறங்கி, மே மாத வெயிலில், ஜங்க்புராவில் சாக்கடை ஓரம் இருந்த எங்கள் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் வரை நடந்தோம். அதன் பிறகுதான் இந்த ஒரு பிங்க், ஒரு சாதா.

கேஸ் இதுதான். ஏழைகளுக்கான இடஒதுக்கீட்டில் ஒரு தனியார் பள்ளியில் படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் பெண்கள் கழிப்பறைக்குள் என்னை விடமாட்டோம் என்றார்கள். பையன்களின் கழிப்பறையில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. காலையில் எழுந்ததிலிருந்து பள்ளி விடும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தேன். திரும்பிப் போனபோது, வருகை போதவில்லை என்று பெயரை நீக்கியிருந்தார்கள்.

இந்த ஜூனில் பள்ளி இறங்கி வந்தது. செட்டில்மெண்ட் என்றார் வக்கீல். தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்களாம், ஆனால் வருத்தப்படுகிறார்களாம். பத்தாவதை வீட்டிலிருந்தே படித்து எழுதியிருந்த என்னைப் பதினொன்றில் சேர்த்துக்கொள்வார்கள். பெண்களின் சீருடை, பெண்களின் கழிப்பறை. அதே ஜூனில்தான் புல்டோசர் வந்து கேம்பை இடித்தது. எங்களுக்கு நரேலாவில், ஊரின் மறுகோடியில், ஒரு ஃப்ளாட் கொடுத்தார்கள். பள்ளி கிடைத்தது, பக்கத்தில் இருந்த வீடு போய்விட்டது.

பிறகு ஊர் பேசத் தொடங்கியது. டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து என்னைப் பற்றிக் கத்தினார்கள். நால்வரில் ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. என் முகத்தை மங்கலாக்கிக் காட்டினார்கள்; பக்கத்தில் நின்ற அம்மாவின் முகத்தை மங்கலாக்க மறந்துவிட்டார்கள். வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டுகள். பாதிப் பேர் என்னைச் சாகச் சொன்னார்கள். மீதிப் பேர் தைரியசாலி என்று இதயம் போட்டார்கள். எனக்கு மூத்திரம் முட்டியது, கழிப்பறை கேட்டேன். இதில் தைரியத்துக்கு எங்கே இடம் இருந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

வக்கீலைப் பிடித்துக் கொடுத்தவர் வத்சலா மேடம். அம்மா வேலை செய்கிற வீடு. அவர் கணவர் மத்திய அரசில் அதிகாரி. செய்தி வந்த அன்று கேசரி கிளறியிருந்தார்.

"எங்க அசோசியேஷன்ல வந்து நீ பேசணும் அபி. அஞ்சு நிமிஷம் பேசினாப் போறும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன் இப்படி இருக்கே? ஜெயிச்சிருக்கே. சந்தோஷமா இருக்க வேண்டாமோ?" என்று கேட்டார்.

நல்லவர். அவர் இல்லாவிட்டால் கேஸே இல்லை. அதனால் கேசரியைத் தின்று சிரித்து வைத்தேன். தாடை வலித்தது.

கேம்பில் அடுத்த வீட்டில் இருந்த கோவிந்தம்மாளுக்கு ஃப்ளாட் கிடைக்கவில்லை. பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்கு வீடு கிடைத்ததே கேஸால்தான் என்று கேம்ப் ஆட்களிடையே ஒரு பேச்சு. அம்மாவை வழியில் பார்த்தபோது கோவிந்தம்மாள் நிறுத்திச் சொன்னாளாம்: "எம் பசங்க நாலும் ஒழுங்காப் பொறந்ததுதான் தப்பாப் போச்சு செங்கா." தகரக் கூரைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறவளிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சேலத்துக்குப் போய்விட்ட அப்பா போன் செய்யவே இல்லை. எல்லார் கருத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

பள்ளி திறந்த திங்கட்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். அம்மா ஜங்க்புராவுக்கு வேலைக்கு, நான் பள்ளிக்கு. புதுச் சல்வார், மடித்துப் பின் குத்திய துப்பட்டா. அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்றேன். செட்டில்மெண்டில் கழிப்பறை இருந்தது. ஆனால் என் தொண்டைக்கு அந்தக் காகிதத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. அம்மா பாட்டிலைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

நரேலா பஸ்ஸில் வயதான கண்டக்டர். அம்மா நோட்டை நீட்டி, "ஏக் பிங்க், ஏக்..." என்று ஆரம்பித்தாள். அவர் தலையை நிமிர்த்தி எங்களை ஒரு தடவை பார்த்தார். இரண்டு பிங்க் சீட்டுகளைக் கிழித்து அம்மா கையில் வைத்தார்.

"பொண்ணுக்கு எதுக்கும்மா காசு குடுக்கறே?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அம்மா நோட்டோடு நின்றாள். எனக்கு அந்தக் கிழவர்மேல் அன்பு வந்திருக்க வேண்டும். வந்தது அம்மாமேல் ஆத்திரம்தான். உட்கார்ந்ததும் சொன்னேன்: "அந்தாளுக்குத் தெரியுது. உனக்குத்தான் தெரியல."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே, "தெரியும்டி. பயமா இருக்குது" என்றாள்.

கஷ்மீரி கேட்டில் பஸ் மாறினோம். நிற்க இடமில்லாத கூட்டம். இந்தக் கண்டக்டர் இளைஞன், கையில் போன். அம்மாவைப் பார்த்ததும் போனை மடியில் வைத்தான்.

"நீங்க டிவியில வந்தவங்கதானே? அந்த ஸ்கூல் கேஸ்?"

தலைகள் திரும்பின. யாரோ உச்சுக் கொட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் போனை உயர்த்திப் பிடித்தாள். கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "அச்சா, அப்போ இதுக்கு எந்த டிக்கெட் குடுக்கணும்?" என்று கேட்டான்.

பஸ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. அம்மா கதவைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். இறங்கி நடக்கத் தயாராக, பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டேன். ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

அம்மா நோட்டை முந்தானையில் முடிந்தாள். வெறும் கையை நீட்டினாள்.

"தோ பிங்க்."

அவன் கிழிக்கவில்லை. அம்மா மறுபடி சொல்லவில்லை, கையையும் எடுக்கவில்லை. பஸ் கிளம்பியது. செங்கோட்டை போயிற்று. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை அவன் மூக்குக்கு நேரே நீட்டியபடி நின்றாள். தில்லி கேட் போயிற்று. பின்னால் டிக்கெட்டுக்குக் காத்திருந்தவர்கள் "ஜல்தி கரோ பையா, ஆபீஸ் போகணும்" என்று கத்த ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு நான் ஆணோ பெண்ணோ, டிக்கெட் கிடைத்தால் சரி. கடைசியில் அவன் இரண்டு பிங்க் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தான். ஒருவரும் கைதட்டவில்லை. கல்லூரிப் பெண் போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

பிரகதி மைதானில் உட்கார இடம் கிடைத்தது. அம்மா முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்காம என்னா. திரும்பி வர்றப்போவும் ஒருத்தன் இருப்பான்."

"நாளைக்கும்."

"ஆமா, நாளைக்கும்தான்" என்றாள். என் சீட்டைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். முதல் தடவையாக என்னிடம் ஒரு பிங்க் டிக்கெட். மெல்லிய காகிதம், விரல் வேர்வையில் அப்போதே நைந்திருந்தது.

நிஜாமுதீன் வந்தது. அன்று நாங்கள் இறங்கி நடந்த நிறுத்தம். யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினாள்.

"குடி."

"அடுத்தது ஸ்கூல்மா."

"வந்தா வரட்டும். நான் கேட் கிட்டயே நிக்கிறேன். குடி."

வேலைக்கு நேரமாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். பாட்டிலை வாங்கி, மூச்சு விடாமல், பாதிக்குமேல் குடித்தேன்.