ஏழாவது பலகை

சுத்தியல் பிடியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டு என் மனுசன் கிறிகோரி முழங்காலில் நகர்ந்துகொண்டிருந்தார். நல்ல பலகை கணீரென்று கேட்கும், உக்கிப் பழுதானது பொத்தென்று கேட்கும். சமையலறை யன்னலைத் துடைத்தபடி நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது பலகைக்கு வந்ததும் தட்டாமல் தாண்டி எட்டாவதுக்குப் போனார். மூன்று நாளாக இதே கூத்துத்தான்.

இத்தாலியில், மொண்டெல்லோக் கடற்கரையில் இந்த வீட்டுக்கு நாங்கள் வேலைக்கு வந்து ஐந்து வருடமாகிறது. பின்பக்கம் கடலைப் பார்த்தபடி, மணலுக்கு மேலே ஒரு கை நீள உயரத்தில் மரத்தளம். செப்டெம்பரில் வீட்டுக்காரச் சிஞ்ஞோராவின் கால் ஒரு பலகைக்குள்ளே இறங்கிவிட்டது. மனுசிக்குக் காயத்தைவிடக் கோபம்தான் கூட. உக்கிய பலகைகளை மாற்றித் திருத்துவதா, முழுவதையும் பிடுங்கிவிட்டுச் சீமெந்து போடுவதா என்று, திங்கட்கிழமை மேசன் வருவதற்குள் கிறிகோரியே சொல்லட்டும் என்றுவிட்டார். இவர் ஊரில் வள்ளம் திருத்தியவர். மரத்தைப் பற்றி இவர் சொன்னால் சிஞ்ஞோராவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மத்தியானம் தளத்து ஓரத்தில் இருந்து சாப்பிடும்போது சொன்னேன்.

"பாதிப் பலகை உக்கிப்போச்சு. சீமெந்து போடச் சொல்லுங்கோவன்."

"கீழை ஸ்ரான்லி கிடக்கிறான்," என்றார்.

சோற்றுக் கோப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தேன்.

ஸ்ரான்லி இவருடைய தம்பி. தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி எங்கள் ஊர் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியபோது, இளம் பெடியன் கடற்படையின் கண்ணில் படக்கூடாதென்று அவனை அடிப்பலகைக்குக் கீழே டீசல் கலன்களுக்கு நடுவில் படுக்கவைத்தோம். மேலேயிருந்து இரண்டு தட்டு தட்டினால் அவன் கீழேயிருந்து இரண்டு தட்டுவான். சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். நடுக்கடலில் ரோந்துப் படகின் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் கேட்காமலே அவன் தட்டினான், முறையில்லாமல், படபடவென்று. அந்தப் பலகையின் மேல் இருந்தவர் இவர். எழும்பப் பார்த்தவரின் தோளை அமத்திப் பிடித்தவள் நான். வெளிச்சம் விலகியபின் இவர் இரண்டு தட்டினார். பதில் இல்லை. அவனைக் கடலிலேயே விட்டோம்.

அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் கதைத்ததில்லை.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி கொளுத்தினம். நான் எங்கை கொளுத்துறது?" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: மூன்று வருடத்துக்கு முன் ஏழாவது பலகையைக் கழற்றி, தம்பியின் பழைய சேட்டொன்றை மணலுக்குள் வைத்து, சின்னக் குருசொன்று நட்டு, தானே செபம் சொல்லி மூடியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கோப்பையைத் தள்ளிவிட்டேன்.

"சுவாமி வந்து மந்திரிக்காமல் கல்லறையோ? அதுவும் பிறத்தியார் வீட்டுக்குக் கீழை! உங்களுக்கு மூளை இருக்கோ?"

"அதுதான் பிழைச்சுப்போச்சு போலை," என்றார் மெதுவாக. "தட்டினா, தட்டுறான்."

"எலி," என்றேன்.

சிஞ்ஞோராவும் எலியென்றுதான் கீழே மருந்து வைத்திருந்தார். வைத்த மருந்து வைத்தபடியே கிடந்தது. அது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் சுத்தியலைப் பறித்தேன். நல்ல வெயில். கடலோரத்தில் யாரோ நாயோடு நடந்துபோனார்கள். ஏழாவது பலகையில் இரண்டு தட்டு தட்டினேன்.

கீழேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

சுத்தியலை என் மடியில் வைத்துக்கொண்டேன். பயத்தைவிட வெட்கமாக இருந்தது எனக்கு. இத்தனை வருடமாக இவர் ஒருமுறைகூட என்னைக் குற்றம் சொன்னதில்லை.

"சீமெந்து போட்டா இன்னொருக்கா அவனை மூடுறது," என்றார். "திருத்தினா இன்னொருக்கா அவனுக்கு மேலை இருக்கிறது. நீ சொல்லு புனிதம், நான் சிஞ்ஞோராவிட்டை என்ன சொல்ல?"

அப்போதுதான் கீழே மறுபடியும் தொடங்கியது. ஒருவரும் கேட்காமலே, முறையில்லாமல், படபடவென்று. தட்டத் தட்டப் பலகை அதிர்ந்து, இடுக்குகளில் கிடந்த மணல் துள்ளியது. இவர் ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துப் பாய்ந்தார். என் கை பழக்கத்தில் இவருடைய தோளில், அதே இடத்தில் போய் விழுந்தது. எடுத்துவிட்டேன்.

நான்கு ஆணிதான். பலகை எழும்பியதும் தட்டுவது நின்றது. கீழேயிருந்து குளிர்ந்த காற்றும், பின்னாலேயே டீசல் மணமும் வந்தன. இவர் குப்புறப் படுத்து, அந்த இருட்டுக்குள் வலது கையைத் தோள்மட்டும் விட்டார்.

மேல்மாடி யன்னலைத் திறந்து சிஞ்ஞோரா எட்டிப்பார்த்தார். என்ன முடிவு, திருத்துவதா சீமெந்து போடுவதா என்று இத்தாலியனில் கேட்டார். இவருடைய கன்னம் பலகையில் அழுந்தியிருந்தது, கண் மூடியிருந்தது.

பிறகு, கீழே யாரோ கையைப் பற்றி இழுத்ததுபோல, இவருடைய தோள் ஒரு விரலளவு கீழே போனது. இன்னொரு விரலளவு.

சிஞ்ஞோரா திரும்பவும் கேட்டார். நான் இவருடைய இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் பற்றி, எட்டாவது பலகையில் காலை ஊன்றி, அண்ணன் தம்பி இருவரையும் சேர்த்து மேலே இழுக்கத் தொடங்கினேன்.