தட்டுப்பட்டது யார் கட்டி?

பள்ளிக்கூடத்து நர்ஸம்மாவுக்கு உட்கார நேரமில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி. பேரில்தான் பொன், வந்ததென்னவோ தாடை வீக்கமும் காய்ச்சலும். காலையிலிருந்து வகுப்பு வகுப்பாகப் போய்க் காதுக்குக் கீழே தொட்டுப் பார்த்து, வீங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பி, பெற்றோர்களிடம் போனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, ஓய்ந்துபோயிருந்தாள்.

அவளுக்கும் ஒரு கட்டி இருந்தது. வலது ஆள்காட்டி விரலின் உள்பக்கம், தசைநாரைச் சுற்றியிருக்கும் உறையில், பட்டாணி அளவுக்கு. அபூர்வமாக வருவது, புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர்.

"ஆனா வளருதும்மா. இன்னும் விட்டா விரல் மடங்காது. எடுத்தாலும் திரும்ப வரலாம், பாத்துக்கிட்டேதான் இருக்கணும்."

ஆபரேஷனுக்குக் குறித்த ஒரு தேதியைப் பிள்ளைகளுக்காக ஏற்கெனவே விட்டாயிற்று. அடுத்த தேதி நாளை.

"இந்த நேரத்துல நீங்களும் போயிட்டா எப்படிம்மா?" தலைமையாசிரியை அவள் அறைக்கே வந்து கெஞ்சினார். "ஒரே ஒரு மாசம் தள்ளி வைங்களேன்."

முடியாது என்று சொல்ல நர்ஸம்மாவுக்கு வாய் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. மூன்று வாரத்துக்கு முன் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, காதோரம் வலிக்கிறதென்று வந்தாள். இவள் அழுத்திப் பார்த்தபோது விரலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. எதைத் தொட்டாலும் அந்த விரலில் கெட்டியாகத்தானே தட்டுப்படும்! நம்ம சனியன்தான் என்று நினைத்து, "ஒண்ணுமில்ல, வகுப்புக்குப் போ கண்ணு" என்று அனுப்பிவிட்டாள். அந்தக் கண்ணு இரண்டு நாள் எல்லாரோடும் ஓடி விளையாடியது.

அதை மென்று விழுங்கி விழுங்கியே அலுத்துவிட்டது அவளுக்கு.

"மேடம், முதல்ல வந்த பொண்ணைத் தொட்டுப் பாத்துட்டு அனுப்பினது நான்தான். அவ வீக்கத்தை என் கட்டின்னு நினைச்சிட்டேன்."

தலைமையாசிரியை பிள்ளைகளைப் படுக்கவைக்கும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று இவள் காத்திருந்தாள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. நாளைக்குப் போயிட்டு வாங்க, லீவு நான் பாத்துக்கறேன்." எழுந்து வாசல் வரை போனவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அதுவரைக்கும் அந்தக் கையால எந்தப் பிள்ளையையும் தொடாதீங்கம்மா."

கேட்ட லீவு கிடைத்துவிட்டது. வெளியே ஐந்தாம் வகுப்பு வரிசையாகத் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"வேற ஒருத்தங்க வந்து பாப்பாங்க, போங்க கண்ணு" என்றவள், இருபது வருஷத்தில் முதல்முறையாகப் பிள்ளைகள் முன்னால் அழுதாள்.