துரையின் முட்டி

அவருக்குப் போட்டுவிட வெள்ளைச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள் மனைவி. ஆணியில் தொங்கிய பழைய சட்டைப் பைக்குள் அவருடைய போன் அடித்தது.

"சார், ஆஸ்பத்திரிலேருந்து பேசறேன். துரைக்கு ஸ்டெம் செல் வந்துடுச்சு. இன்னிக்கே ஊசி போட்டாகணும். நாளைக்கு வெச்சா வீணாப் போயிடும்."

"சார் போயிட்டாருப்பா."

"எப்ப மேடம் வருவாரு?"

"சாயங்காலம் நான் வரேன்" என்று வைத்துவிட்டாள்.

துரை என்பது நாய். பின்னங்கால் முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்து நொண்டியது. அதன் வயிற்றுக் கொழுப்பிலிருந்தே செல் எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, முட்டிக்குள் செலுத்தினால் தேறலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதர் அலையாய் அலைந்தார். தன் நெஞ்சு வலிக்கு மட்டும் "வாயுதான், விடு" என்பார். நேற்று அந்த வாயுதான் அவரைக் கொண்டுபோனது.

அடக்கம் முடிந்து வந்ததும் நாய்க்குக் கயிறு மாட்டினாள். மகன் மறித்தான்.

"இன்னிக்காம்மா? நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"சொல்லட்டும். அந்த டாக்டர நான் நாலு வார்த்தை கேக்கணும். வண்டிய எடுடா."

வழியெல்லாம் பின்சீட்டில் துரைக்குத் திட்டு விழுந்தது. "உன் முட்டிக்கு ஓடின மனுஷன் தன் நெஞ்சுக்கு ஓடினாரா? நீ மட்டும் ஜம்முனு உக்காந்திருக்க." துரை அவள் மடியில் தாடையை வைத்தது. தள்ளிவிட்டாள். மறுபடியும் வைத்தது.

கால்நடை மருத்துவருக்கு மகன் வயதுதான் இருக்கும். செய்தி கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அவரு மூச்சு வாங்கினது உங்க கண்ணுக்குத் தெரியலையா தம்பி? டாக்டர்தானே நீங்க?"

"தெரிஞ்சுதும்மா. வரும்போதெல்லாம் சொன்னேன். இந்த ஊசி எல்லா நாய்க்கும் கேக்கும்னு சொல்ல முடியாது, முதல்ல உங்க உடம்பப் பாருங்க சார்னு சண்டையே போட்டேன். துரைக்கு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னாரு." மருத்துவர் தயங்கினார். "'எனக்கு ஒண்ணு ஆயிட்டா எங்க வீட்டம்மா வாசப்படி தாண்ட மாட்டா. இவன் நடந்தா, அவளும் கூட நடந்துதானே ஆகணும்'னு சார் சொன்னாரு."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கிறுக்கு மனுஷா! நெஞ்சக் காட்டியிருந்தா நீயே என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே!"

அன்று முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. எங்கே கை வைத்து அவளைத் தேற்றுவது என்று தெரியாமல் மகன் நின்றான்.

ஊசி சட்டென்று முடிந்துவிட்டது. மயக்கத்தில் கிடந்த துரையின் காதை அவள் தன்னையறியாமல் நீவிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாள் ஓட விடாதீங்க, படி ஏற விடாதீங்க. அப்புறம் தினமும் மெதுவா நடக்க வைக்கணும்" என்றார் மருத்துவர்.

"அதுக்கென்ன, ஒரு ஆள் போட்டுடலாம் டாக்டர்" என்றான் மகன்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்த்தாள்.

"காலையிலயா தம்பி, சாயங்காலமா?"