வேறு அறையில் வந்த லேபிள்

கேட்டபோதெல்லாம் ரத்த வங்கியின் கணினித் திரை ஒரே விடையை ஓதியது: பிரிண்டரைக் காணவில்லை. காணாமற்போன பிரிண்டரோ, வங்கி ஊழியையான அவள் முழங்கைக்கருகே, பச்சை விளக்கு எரிய, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் அமர்ந்திருந்தது.

அவள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். மேல்மாடியில், பிள்ளை பெற்ற பெண் ஒருத்திக்கு உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் பொருந்தும் ரத்தப்பை மேசைமேல் தயாராயிருந்தது. ஆனால் பெயரும் ரத்த வகையும் அச்சிட்ட லேபிள் ஒட்டாமல் எந்தப் பையும் வாசலைத் தாண்டக்கூடாது. முன்பு ஒருமுறை கோழிக்கிறுக்கல் கையெழுத்தால் நேர்ந்த விபரீதம் பெற்றெடுத்த விதி அது.

தொலைபேசி அலறியது. மயக்க மருந்து டாக்டர்.

"பை எங்கம்மா? இங்க உயிர் போயிட்டிருக்கு!"

"இதோ டாக்டர்." தொலைபேசியை வைத்ததும் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

கொழுந்தன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அந்த மருத்துவமனைக் கணினிகளுக்கெல்லாம் வைத்தியன் அவனே.

"வீட்ல என்னை விரட்டுறது பத்தலையா அண்ணி, இங்கயுமா?"

"விளையாடாதே தம்பி, மேல ஒரு உயிர் ஊசலாடுது."

"பொத்தானை எத்தனை தடவை அமுக்கினீங்க?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்? அமுக்கிட்டேதான் இருக்கேன்."

அவன் பிரிண்டரை அணைத்து எழுப்பினான். பிறகு அதன் முகவரி எண்ணைத் தட்டி, கணினியிலிருந்தே கூப்பிட்டுப் பார்த்தான். "கூப்பிட்டவுடனே பதில் சொல்லுது, பாருங்க. வயர்தான் விட்டுவிட்டுப் பிடிக்குதோ என்னவோ." பின்பக்கத்து வயரைப் பிடுங்கினான்.

திரையில் பதில் நிற்கவில்லை. வயர் அவன் கையில் பாம்புபோல் தொங்கியது. அப்போதும் கூப்பிடக் கூப்பிட எதுவோ விடை சொல்லிக்கொண்டேயிருந்தது.

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை.

"இது பேசலைன்னா, பேசுறது எது தம்பி?"

"ஆபரேஷன் தியேட்டர் பக்கத்துல புதுசா ஒரு ரத்த அறை திறந்தாங்கள்ல... காலைல அங்க பிரிண்டர் மாட்டினேன். அவசரத்துல இதோட செட்டிங் எல்லாத்தையும் அப்படியே அதுல போட்டுட்டேன் அண்ணி. முகவரியையும் சேர்த்து. ஒரே முகவரிக்கு ரெண்டும் அடிச்சுக்குது; திரை குழம்பிப்போய்க் காணோம்னு சொல்லியிருக்கு."

"அப்போ நான் அனுப்பின லேபிளெல்லாம்?"

"அங்கதான் போயிருக்கும்" என்றான். அந்த அறையில் ஒருத்தி பையை எடுத்து வைத்துக்கொண்டு பிரிண்டரிடம் கை நீட்டியிருப்பாள். வந்ததை உரித்து, பையில் முன்பே எழுதிய ரத்த வகையின்மேலேயே ஒட்டுவது கைப்பழக்கம். யாரும் படிப்பதில்லை. இவளும் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஒட்டியவள்தான்.

அங்கே தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. லேபிளற்ற பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விதியையும் வாசலையும் ஒருசேரத் தாண்டி ஓடினாள். படிதோறும், 'அப்பனே, ஒட்டுகிற அந்தக் கையைப் பிடித்துக்கொள்' என்று உள்ளம் அரற்றியது.

புதிய அறையின் நர்ஸ் சிரித்தபடி எதிர்கொண்டாள். "என்னக்கா, ஒரே லேபிள் இங்க மழையா கொட்டுது?"

"எதையாவது ஒட்டினியா?"

"ஒண்ணை ஒட்டினேன். இப்பத்தான் தியேட்டர்ல பேரைப் பாத்து வாங்கிட்டுப் போனாங்க."

"அந்தப் பையை நீ யாருக்கு எடுத்து வெச்சே?"

நர்ஸின் கை வாய்க்குப் போயிற்று. "அய்யோ. மதியம் ஆபரேஷன் பண்ணிக்கப்போற பெரியவருக்கு..."

அதற்குமேல் கேட்க அவள் அங்கில்லை.

தியேட்டர் கதவை முதுகால் இடித்துத் திறந்தாள். பை உயரத்தில் தொங்கியது. குழாய் சிவந்து நிறைந்திருந்தது. அதைத் திறக்கும் சக்கரத்தின்மேல் டாக்டரின் விரல்.

"திறக்காதீங்க!"

"செருப்போட உள்ள வர்றது யாரு?"

"திட்டறதை அப்புறம் திட்டுங்க டாக்டர். லேபிளை உரிச்சுப் பாருங்க!"

உரித்தார். அடியில் வேறு ரத்த வகை. பையையும் குழாயையும் ஒருசேரக் கழற்றி வீசினார்.

"உன் கையில இருக்கிறது?"

"இவங்களோடது."

"நிச்சயமா தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள் பையைத் திருப்பிப் பார்த்தாள். கீழே வங்கி மேசையில் வேறு பைகளும் இருந்தன. பதற்றத்தில் அள்ளிவந்தது எதை? கொழுந்தனைக் கைபேசியில் அழைத்தாள்.

"திரையில அந்தப் பொண்ணு பேருக்கு நேரே இருக்கிற பை எண்ணை வாசி. ஒவ்வொண்ணா."

"அண்ணி, என் தப்பாலதானே..."

"அழாதே. வாசி."

அவன் வாசித்தான். அவள் பையில் விரல்வைத்துத் திருப்பிச் சொன்னாள். டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். எண்ணும் பொருந்தியது, வகையும் பொருந்தியது.

புதுக் குழாயோடு புதுப் பை ஏறியது. சக்கரம் திரும்பியது. முதல் துளி இறங்கியபோதும் அவள் அச்சம் இறங்கவில்லை. பிள்ளை பெற்றவளின் வெளிறிய முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"அண்ணி, இருக்கீங்களா? இன்னொரு தடவை வாசிக்கவா?"

"வாசி" என்றாள்.