பெண்கள் பக்கத்துச் சாவி

வெள்ளை சிமெண்டைக் குழைத்து டைல்ஸ் இடுக்குகளில் விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள் சித்தாள். அழுத்திய கையோடு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. பெண்கள் கழிப்பறையில் மூன்று சுவர் முடிந்துவிட்டது. நாலாவதில் இடுப்பு உயரம்தான் பாக்கி. டைல்ஸ் ஒட்டியது அவள் புருஷன். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. கதவுக்கு உள்தாழ்ப்பாள்கூடப் போட்டாகிவிட்டது.

காலையிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

மூடிப்போன பள்ளிக்கூடத்தைச் சமுதாயக் கூடமாக மாற்றும் வேலை தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. முதல் நாளே பின்பக்கம் இருந்த பிள்ளைகளின் கழிப்பறையை இடித்தார்கள். அந்தக் கல்லும் மண்ணும்தான் இப்போது கூடத்தில் கட்டிய மேடைக்கு அடியில் கிடக்கிறது. பிறகு இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த சுவர் போனது. கரும்பலகையைக் கொத்தி எடுத்துவிட்டுப் பூசினார்கள். போன மாதம், வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று பின்னால் இருந்த புதரையும் இயந்திரம் வைத்து வழித்துவிட்டார்கள். ஆண்களுக்குக் கவலையில்லை, எந்தச் சுவரைப் பார்த்தும் நின்றுகொள்வார்கள். அவளும், கூட வேலை செய்யும் அண்ணியும் வாய்க்கால் கரை வரை நடக்க வேண்டும். போய்வர அரை மணி. திரும்பி வரும்போது சூப்பர்வைசர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பான்.

அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். பத்து நாளில் எரிச்சல் வந்தது, அப்புறம் குளிர்காய்ச்சல். "நிறையத் தண்ணி குடிம்மா, அடக்கவே கூடாது" என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தாள். சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

பதினோரு மணிக்கு நாலாவது சுவரும் முடிந்தது. சூப்பர்வைசர் புதுப் பூட்டோடு வந்து நின்றான்.

"சார், நாங்க ரெண்டு பொம்பளைங்க மட்டும் இதுல போய்க்கிறோமே. சுத்தமா கழுவி விட்டுடறோம்."

"திறப்பு விழா வரைக்கும் யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது. மேலிடத்து உத்தரவு."

"திறப்பு விழா எப்போ சார்?"

"தலைவர் தேதி குடுக்கணும்ல."

பூட்டு விழுந்தது. மணல் சலித்துக்கொண்டிருந்த அண்ணி சல்லடையைத் தட்டினாள். "சமுதாயக் கூடம்னுதானே போர்டு எழுதியிருக்கான்? நாம அந்தச் சமுதாயத்துல சேர்த்தி இல்லபோல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையருகே டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்த புருஷனிடம் போனாள்.

"ஏங்க, நீங்க போய்க் கேளுங்க."

"நான் கேட்டா மட்டும் குடுத்துடுவானா? இன்னும் பத்து நாள் வேலைதானே, பல்லைக் கடிச்சுக்க."

"பத்து நாளா? நீங்க ஒரு பத்து நிமிஷம் அடக்கிக் காட்டுங்க பாக்கலாம்."

அவன் எழுந்து போனான். தூரத்திலிருந்து பார்த்தாள். அவன் பிடரியைத் தடவிக்கொண்டே என்னவோ சொன்னான். சூப்பர்வைசர் சிரித்தான். அவனும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்குப் பாக்கலாம்னாரு."

"அதுவரைக்கும் அவ அடக்கி வெச்சுக்குவான்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

அவன் அறுக்கும் இயந்திரத்தைப் போட்டான். இருவருக்கும் நடுவே தூசி எழுந்தது.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு வாய்க்காலுக்குக் கிளம்பினார்கள். வாசலிலேயே சூப்பர்வைசர் மறித்தான். "இன்ஜினியர் வர்றாரு. ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. கூடத்தைப் பெருக்கித் துடைங்க." துடைத்தார்கள். குனியும்போதெல்லாம் அவளுக்கு அடிவயிற்றில் கத்தி செருகியதுபோல் இருந்தது. அண்ணி அவளை நிமிரச் சொல்லிவிட்டு அவள் பங்கையும் சேர்த்துத் துடைத்தாள்.

இன்ஜினியர் வந்தபோது மணி மூன்று. மேடையைப் பார்த்தார், மின்விசிறிகளை எண்ணினார், சுவரைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் சூப்பர்வைசர் காதோரம் குனிந்து ஏதோ கேட்டார். அவன் ஓடிப்போய்ப் பெண்கள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். ஆண்கள் பக்கத்துக்கு இன்னும் குழாய் இணைப்பு வரவில்லை.

கார் போனதும் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டான்.

"பூராவும் செருப்பு மண்ணு. கழுவி விடு."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சார், ஒரு நிமிஷம் சாத்திக்கிறேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. செருப்புக்காலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றான்.

"எதுக்கு? திறந்தே இருக்கட்டும். தரை காயணும்ல."

அவள் குழாயைத் திருகினாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் தொடைகளை நெருக்கிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். பிறகு தண்ணீரை விசிறி, மூலைமூலையாகத் தேய்த்தாள். ஈரத்துணியைப் பிழிந்து, பின்பக்கமாகவே நகர்ந்து, தன் பாதம் பட்ட இடங்களையும் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

அவன் குனிந்து வெளிச்சத்தில் தரையைப் பார்த்தான்.

"அதோ, உன் குதிகால் தடம் ஒண்ணு விழுந்திருக்கு பாரு."

அவள் வாசற்படியிலேயே மண்டியிட்டு, கையை எட்டும் மட்டும் நீட்டி, அதையும் துடைத்தாள்.