மொரேரி வீட்டுக்குச் சொல்லவில்லை

மொட்லாபி சித்தப்பா வண்டியின் பின்கதவைத் திறந்து மண்வெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். காலையில் எடுத்துக்கொண்டு போனபோது எப்படி இருந்தனவோ அப்படியே திரும்பி வந்திருந்தன. ஒன்றில்கூட மண் ஒட்டவில்லை.

"எத்தனை பேர் வந்தாங்க சித்தப்பா?" என்றாள் ஒனீலே.

"ரெண்டு பேரு. ஒருத்தனுக்கு மூட்டுவலி. இன்னொருத்தன் நான்."

அவள் கையிலிருந்த அகப்பையை இறக்கி வைத்தாள். அப்பா செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். இன்று வெள்ளி. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வந்துவிடும். நாளை விடிகிற நேரத்தில் அடக்கம். முற்றத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. மாடு அறுத்து, மூன்று கால் இரும்புச் சட்டிகளில் இறைச்சி வேகிறது. எல்லாம் தயார், குழியைத் தவிர.

அவர்கள் தெருவில் யார் செத்தாலும் தெரு ஆண்கள்தான் குழி வெட்டுவார்கள். கூலி கிடையாது, வீட்டுக்கு வந்து சாவுச் சேதி சொன்னால் போதும். குடித்துவிட்டு அடுத்தவன் வேலியை இடித்தவனுக்குக்கூட வெட்டியிருக்கிறார்கள். குழி வெட்ட ஆள் வராத சாவு என்று ஒன்றை ஒனீலே கேள்விப்பட்டதே இல்லை. அது தன் வீட்டிலிருந்து தொடங்கப்போகிறது.

"மெஷினுக்குச் சொல்லிட்டேன்," என்றார் சித்தப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். "ரோடு போடுறவங்க கிட்ட இருக்கே, மண்ணு தோண்டுற மெஷின். மத்தியானம் வந்துரும். ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிரும்."

"மெஷினா? நம்ம தெருவுலயா?"

"வேற என்னம்மா பண்ணச் சொல்ற? உங்கப்பன் பாத்த வேலைக்கு இவனுங்க மாலையோட வருவானுங்களா?"

அப்பா பார்த்த வேலை ஊருக்கே தெரியும். கோட்லாவில், ஊர்த்தலைவர் வழக்குக் கேட்கும் அந்தப் பெரிய முள்மரத்தடியில், அவர் கோர்ட்டுப் போலீஸ். தலைவர் தீர்ப்புச் சொல்வார். பிரம்பை எடுப்பவர் அப்பா. ஆடு திருடியவன், கடையை உடைத்தவன், சண்டையில் பாட்டிலால் குத்தியவன் என்று ஒரு தலைமுறைப் பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் குப்புறப் படுத்திருக்கிறார்கள். அந்தப் பையன்கள்தான் இன்று தெருவில் மண்வெட்டி பிடிக்கிற வயதில் இருக்கும் ஆண்கள்.

அவர் கொடூரமான மனிதர் அல்ல. வீட்டில் ஒனீலேயின் மேல் அவர் கை பட்டதே கிடையாது. அவள் சட்டம் படித்துத் தலைநகரில் வேலைக்குப் போய், சிறுவர்களைப் பிரம்பால் அடிக்கும் தண்டனை மனித உரிமைக்கு விரோதமானது என்று வழக்குப் போட்டிருக்கும் குழுவில் சேர்ந்தபோதுகூட அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் விட்டா இன்னொருத்தன் அடிப்பான். எனக்காவது அளவு தெரியும்," என்றார். பிறகு ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதற்கப்புறம் தகப்பனும் மகளும் மழையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் மட்டும்தான் பேசினார்கள். பேச இன்னும் நாள் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

"சித்தப்பா, வீடு வீடா நீங்கதானே போய்ச் சாவுச் சேதி சொன்னீங்க?"

"நான்தான்."

"எல்லா வீட்டுக்குமா?"

சித்தப்பா ஒரு மண்வெட்டியின் பிடியைச் சரிபார்த்தார். அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை.

"மொரேரி வீட்டுக்கு?"

"அங்க எந்த முகத்தோடம்மா போய் நிப்பேன்? ஊரே பேசுது, அவனுக்கு மட்டும் காதுல விழாமலா இருக்கும்?"

ஒனீலே சட்டென்று சுவரோரமிருந்த மண்வெட்டிகளைப் பார்த்தாள். தெருவில் குழிக்கு அளவு போடுகிறவன் மொரேரி. அவன் நூல் பிடித்து நான்கு மூலையிலும் முளை அடிக்காமல் யாரும் மண்ணைத் தொடமாட்டார்கள். சொல்லாத சாவுக்கு அவனாலும் வரமுடியாது. வந்தால், அழையாத வீட்டில் சாப்பிட உட்கார்ந்தது போலாகும்.

அவள் உள்ளே போனாள். அம்மா தரையில் மெத்தைமேல், தோளில் கம்பளி போர்த்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடக்கத்துக்குக் கிளம்பும்வரை அவள் அந்த இடத்தை விட்டு எழக்கூடாது.

"கேட்டுச்சு," என்றாள் அம்மா. "உன் சித்தப்பனுக்கு வயசாச்சே தவிர புத்தி வரல. நீ போ."

"பொம்பளை போய்ச் சேதி சொல்லலாமாம்மா?"

"மெஷின் வந்து உங்கப்பாவைப் புதைக்கலாமா? சால்வையைப் போத்திக்கிட்டுப் போடி."

மொரேரியின் வீடு தெருக்கோடியில். அந்தப் பக்கம் நடக்கும்போது ஒனீலேயின் கால்கள் தயங்கின. சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் ஒரு தீர்ப்பைப் பாடமாக நடத்தினார்கள். பதினைந்து வயதுப் பையன். ஆடு திருடியதாகக் குற்றம். பெற்றவர்களைக் கூப்பிடாமலே விசாரணை. மேல்முறையீடு செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. தீர்ப்புச் சொன்ன கையோடு நான்கு அடி. பின்னால் ஆடு வேறொருவர் பட்டியில் கிடைத்தது. மேல்கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. 'அபராதமானால் திருப்பிக் கொடுக்கலாம், சிறையானால் கதவைத் திறக்கலாம், அடித்த அடியை எந்த நீதிமன்றம் திரும்ப வாங்கும்?' என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பே அந்தக் கோர்ட்டுப் போலீஸைத் திட்டியது. ஒனீலே புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அந்தப் பையனோடு ஒரே பள்ளியில் படித்தவள் அவள். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அது குறைந்தபாடில்லை.

மொரேரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். காலில் வேலைக்குப் போகும் பூட்ஸ். பக்கத்தில் கடப்பாறையும் நூல்கண்டும். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வா ஒனீலே. என்ன சேதி?"

அவனுக்குத் தெரியாததா? இருந்தாலும் கேட்பவன் அப்படித்தான் கேட்கவேண்டும். அவள் சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மொரேரி, எங்கப்பா நம்மை விட்டுப் போய்ட்டாரு. செவ்வாய்க்கிழமை காலையில. உங்க வீட்டுக்குச் சொல்ல வந்தேன். நேரம் தப்பி வந்திருக்கேன்."

அவன் தொப்பியைக் கழற்றினான். "சொன்னது கேட்டுச்சு," என்றான். பிறகு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "மூணு நாளா இந்த பூட்ஸை மாட்டி மாட்டிக் கழட்டறேன். பசங்க வந்து, 'என்னண்ணே, கிளம்பலாமா?'ங்கறானுங்க. சொல்லாத எடத்துக்கு எப்படிடா போறதுன்னு அனுப்பிட்டேன்."

"சித்தப்பாவுக்கு உன் மூஞ்சியைப் பாக்க வெட்கம்."

"அவருக்கு என்ன வெட்கம்? அடிச்சது அவரா?"

உள்ளே யாரோ பாத்திரம் கழுவினார்கள். மொரேரி நூல்கண்டைக் கையில் எடுத்து உருட்டினான்.

"கோர்ட்டுலேர்ந்து பேப்பர் வந்தப்போ எங்கம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? என்னைத் திரும்பி நிக்கச் சொல்லி, சட்டையைத் தூக்கி, அந்தப் பேப்பரை என் முதுகுல வச்சு அமுக்கிப் பாத்துச்சு. 'தண்டனை இல்லன்னு சொல்றாங்களே, தழும்பை எடுத்துக்கிட்டாங்களா பாரு'ன்னு. நானும் சிரிச்சேன், அதுவும் சிரிச்சுச்சு. அப்புறம் அது உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு."

"மொரேரி, நான்..."

"இரு. அதுக்கப்புறம் உங்கப்பா இந்த வேலியோரமா எப்பப் போனாலும் தொப்பியைக் கழட்டிக் கையில புடிச்சுக்குவாரு. என் வேலி முடியற வரைக்கும். மழை பேஞ்சாலும் அப்படித்தான். நான் சின்னப் பையன். என்னைப் பாத்து அவரு தொப்பி கழட்டணுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. நானும் கேக்கல. இருபது வருஷத்துக்கு மேல ரெண்டு பேரும் அப்படியே ஓட்டிட்டோம்."

ஒனீலே இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா தெருவில் தொப்பியோடு நடப்பதுதான் அவளுக்குத் தெரியும். அழுதால் அவன் பேச்சை நிறுத்திவிடுவான் என்று அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"உங்க கேஸு என்னாச்சு?" என்றான் அவன்.

"இன்னும் தேதி போடல."

"எங்கம்மாவுக்கு அந்தக் கேஸு புடிக்காது. 'பிரம்பு இல்லன்னா பசங்களை ஜெயில்லதான் போடுவான், அதுக்கு இது தேவலை'ங்குது. என் கூட அடி வாங்கினவனுங்களும் அதையேதான் சொல்றானுங்க. நாலு வாங்கிக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாமாம்." கடப்பாறையைத் தோளில் தூக்கினான். "ஆனா ஜெயிச்சா எனக்கு மொதல்ல சொல்லு. என் பையனுக்குப் பதினாலு முடியுது."

அவன் வேலியோரம் நின்று ஒரு விசில் அடித்தான். அடுத்த வீட்டிலிருந்து ஒருவன் வந்தான், எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர். எல்லோர் காலிலும் பூட்ஸ் இருந்தது.

மத்தியானம் மெஷின் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது இடுகாட்டில் ஆண்கள் இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தார்களாம். சுண்ணாம்புப் பாறை, ஒவ்வொரு கொத்துக்கும் கடப்பாறை எகிறியதாம். மெஷின்காரனுக்கு ஒரு தட்டு இறைச்சியும் சோளக்களியும் கொடுத்து சித்தப்பா திருப்பி அனுப்பினார். அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். தலைவர் அலுவலகத்திலிருந்து வந்தவர், ஊர்ப் பிள்ளைகளை நல்வழிப்படுத்திய கை என்று பேசினார். கூட்டத்தில் சில தலைகள் ஆடின, சில ஆடவில்லை. ஒனீலே அம்மாவின் கையைப் பிடித்தபடி தரையைப் பார்த்திருந்தாள்.

ஆண்கள் கோட்டுகளைக் கழற்றிவிட்டு முறைவைத்து மண் தள்ளினார்கள். ஒருவன் களைக்கும் முன்பே அடுத்தவன் அவன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை. குழி நிரம்பி மேடு எழுந்தது. மேடு எழுந்ததும் நான்கைந்து பேர் சுற்றி நின்று மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்து மண்ணை இறுக்குவது வழக்கம். எல்லாச் சாவிலும் கடைசியாகக் கேட்கும் சத்தம் அதுதான். அம்மாவின் விரல்கள் ஒனீலேயின் விரல்களை இறுக்கிக்கொண்டன.

முதலாமவன் மண்வெட்டியை ஓங்கினான். மொரேரி கையை நீட்டி அதன் பிடியைப் பிடித்தான். அதை வாங்கித் தரையில் கிடத்திவிட்டு, தன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, மேட்டருகே முழங்காலிட்டு உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கைகளாலும் மண்ணை அமுக்கி, தலைமாட்டிலிருந்து மெதுவாகத் தடவி ஒழுங்கு செய்யத் தொடங்கினான்.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எதிர்வீட்டுக்காரன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்தான். அடுத்து இன்னொருவன். அடிச் சத்தம் எதுவும் எழாததால் பாட்டு சற்று அதிக நேரம் நீண்டது.

எல்லோரும் கை கழுவப் போன பிறகு ஒனீலே அருகில் போய்ப் பார்த்தாள். ஈர மண்ணில் தலையிலிருந்து கால்வரைக்கும் ஆண்களின் விரல் தடங்கள் பதிந்திருந்தன.