மாடி வகுப்பில் இறங்கியவர்கள்

ஈப்போ நகரில் சதாசிவத்தின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஜெர்மன் வகுப்பு நடக்கிறது. அங்கே எழுந்து நின்று பேசுபவரை டோரிஸ் டீச்சர் இடைமறித்துத் திருத்தினால், பேசியவர் பலகைத் தரைக்குள் ஒரு சாண் இறங்கிவிடுவார். பலகை உடைவதில்லை, சேறுபோல விலகி உடம்பைச் சுற்றி மூடிக்கொள்ளும். வகுப்பு முடிந்ததும் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அடுத்த வாரம் வந்தால் விட்ட ஆழத்திலிருந்து தொடங்க வேண்டும். முழுதாக இறங்கியவர்கள் கடைக்குள் விழுந்து, தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுபடி மாடியேறியவர் எவருமில்லை. அப்படி விழுந்த பவித்ரன் இப்போது பாரிட் புந்தாரில் நெல் லாரி ஓட்டுகிறான்.

சதாசிவம் ஒரே ஒருமுறை மேலே வந்து முறையிட்டார்.

"டீச்சர், காலெல்லாம் மேசைக்கு மேலே தொங்குதுலா. கஸ்டமரு ரொட்டி சானாயப் பாக்கவா, செருப்பப் பாக்கவா?"

"செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்றேன் அண்ணே."

திருத்துவதை நிறுத்த டோரிஸுக்குத் தோன்றவில்லை. கண்டுகொள்ளாமல் விட்ட பிழை வாயிலேயே சிமெண்டாக இறுகிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

குமுதா பத்து காஜா என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. வாய்மொழித் தேர்வில் தேறினால் ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை வேலை தரும். தேர்வுக்கு முந்திய கடைசி வகுப்பில் அவள் கழுத்தளவு இறங்கியிருந்தாள். தேர்வுப் பயிற்சிக்காக டோரிஸ் நோயாளியாக நடிப்பார். தாதி வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்ல வேண்டும். குமுதாவோ எத்தனை முறை திருத்தினாலும், சாப்பிட்டீர்களா என்றுதான் ஜெர்மனில் ஆரம்பிப்பாள். அவள் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆளைக் கண்டால் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்றும் அதையே கேட்டாள். டோரிஸ் வாயைத் திறந்தார்.

"டீச்சர், இன்னொரு தடவ திருத்தினா நான் போயிடுவேன்லா," என்றது தரையோடு இருந்த முகம்.

கீழே சதாசிவம் மேசையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

டோரிஸ் நாக்குவரை வந்த திருத்தத்தை விழுங்கினார். படுக்கையில் கிடக்கும் கிழவியின் குரலில், ஜெர்மனில், காலை வணக்கம், என் பெயர் டோரிஸ், இன்னும் சாப்பிடவில்லை என்றார். குமுதா கொஞ்சம் யோசித்தாள். காலை வணக்கம், என் பெயர் குமுதா என்று பதில் சொன்னாள். யாரும் இடைமறிக்காமல் பேசி முடித்ததும் தோள்கள் வெளியே வந்தன. அன்று பல பிழைகள் திருத்தப்படாமலே கடந்துபோயின. வகுப்பு முடிவதற்குள் அவள் முழங்கால்வரை மேலே வந்துவிட்டாள். டோரிஸுக்கு மட்டும் இரண்டு நாள் தொண்டை வீங்கியிருந்தது.

குமுதா தேறினாள். ஜெர்மனியில் அவளுடைய தலைமைத் தாதியும் பேச்சின் நடுவிலேயே திருத்துகிறவர்தான். அங்கே கான்கிரீட் தரை; கணுக்காலுக்கு மேல் இறங்குவதில்லை. காலை உருவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாள்.